நாற்பத்திரண்டாம் வரி

புகைக்கு விலை போடுவது என் வேலை.
சாத்தாங்காட்டில் இரும்புக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி,
ஒழுகும் ஏசி, அதன் கீழே பெயின்ட் வாளி.
ஜன்னலைத் திறந்தால் மணலி உள்ளே வரும்,
அதனால் திறப்பதில்லை.

கேள்வி இதுதான்:
ஆலையின் குழாயில் ஏறி வானத்துக்குப் போகிற
கரியமில வாயுவை வழியிலேயே மடக்கி,
அமுக்கி, குளிரவைத்து,
முந்நூறு கிலோமீட்டர் தெற்கே
காவிரிப் படுகையில் களைத்துவிட்ட கிணறுகளுக்கு
அனுப்பினால் கட்டுபடியாகுமா?

பாறைத் துளைக்குள் அப்பிக்கொண்டு
வரமாட்டேன் என்கிற எண்ணெய்
அந்த வாயுவைக் குடித்து உப்பும், இளகும்,
மெக்கானிக் விரல் கிரீஸ்
மண்ணெண்ணெய்க்கு மசிவதுபோல் மசியும்.
ஒரு டன் உள்ளே போனால்
இரண்டரை பீப்பாய் மேலே.
(இரண்டு என்று போட்டேன் முதலில்.
சார் அரை சேர்க்கச் சொன்னார்.)

பிடிக்கிற செலவு, அமுக்குகிற மின்சாரம்,
டேங்கர் வாடகை, கிணற்றடிப் பம்பு, வட்டி.
எல்லாம் என் தாளில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன.
ஒரே ஒரு கட்டம்தான் ஆட்டிவைக்கிறது:
பீப்பாய் விலை.
எண்பது டாலர் என்று அடித்தால்
தாள் முழுக்கப் பச்சை.
ஐம்பத்தைந்து என்றால் சிவப்பு.
பெயர் தெரியாத கடலில்
பெயர் தெரியாத கப்பல் ஒன்று தயங்கி நின்றால்
எங்களுக்கு லாபம்.

வாடகை பேச தேசப்பன் வந்தார்.
பதினோரு வருஷமாக இதே வாயுவை ஓட்டுகிறவர்,
சோடா கம்பெனிக்கு,
மீனுக்கு உலர்பனி செய்கிறவர்களுக்கு.
செருப்பை வெளியே விட்டுவிட்டு
ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து கேட்டார்:
"ரிட்டன் லோடு இன்னா மேடம்?"

ரிட்டன் லோடு இல்லை, காலிதான் என்றேன்.

"காலியா எங்க வருது?
எண்ணெயா வருது, பெட்ரோலா வருது,
அப்பால எர்ணாவூர் பாலத்து மேல
அத்தினி பேர் சைலன்சர்லயும் வருது.
எனக்கு மட்டும் ஒன்வே வாடகை.
நல்லா இருக்கு உங்க நியாயம்."

கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் கூட்டிக் கேட்டார்.
இரண்டுக்கு முடித்தோம்.

அன்று இரவு வாளியில் தண்ணீர் சொட்டச் சொட்ட
நாற்பத்திரண்டாம் வரியைச் சேர்த்தேன்.
தலைப்பு: ரிட்டன் லோடு.
இரண்டரை பீப்பாயை எரித்தால் எவ்வளவு?
ஒரு டன்.
அதற்கும் கொஞ்சம் மேலே.

பார்த்திபராஜ் சார் கெட்டவர் இல்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நாம எடுக்கலன்னா இதே எண்ணெய் கப்பல்ல வரும்மா,
வந்து இங்கயேதான் எரியும்.
போட்டதாவது மண்ணுக்குள்ள நிக்கட்டுமே."
அதுவும் கணக்குதான். நான் மறுக்கவில்லை.
மறுக்காததை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்
ஷேர் ஆட்டோவில், ஒன்பதாவது ஆளாக,
முன்னால் நின்ற தண்ணீர் லாரி
முகத்தில் விட்ட கறுப்போடு.

காலையில் பார்த்தால் அந்த வரியைக் காணவில்லை.
அழிக்கவில்லை, மறைத்திருந்தார்.
எங்கள் மென்பொருளில் இரண்டும் வேறு வேறு.
அழித்தால் எண்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும்.
மறைத்தால் இடைவெளி தெரியும்:
நாற்பத்தொன்று,
நாற்பத்துமூன்று.

வியாழக்கிழமை, பதினாறாவது மாடி, பெரிய திரை.
கூட்டுத்தொகை பச்சையில் எழுந்து நின்றது.
யாரோ கைதட்டினார், முந்திரி பிஸ்கட் வந்தது.
நான் ஓரத்தில் உட்கார்ந்து
இடது பக்க எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எண்ணத் தெரிந்த ஒருவராவது
தமிழில் வரி என்றால் கட்டவேண்டியதும் என்று
நினைவிருக்கிற ஒருவராவது
இருப்பார் என்று.

மேஜைக்கடியில் போன் அதிர்ந்தது.
தேசப்பன்.
"ரேட் ஓகே ஆச்சா மேடம்?"